பெரிய விரிப்புகளுக்கு வீட்டில் சாயமிடுவது எப்படி?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் கையில் எடுத்துச் செல்லும் பொருட்களில் படுக்கை முக்கியமானது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் பெயர்ந்தவர்களும் இதை நன்கு அறிவர். பாய் கிழிந்துவிடும், பானை உடைந்துவிடும், ஆனால் ஒரு நல்ல பருத்தி விரிப்பு பல இடங்களுக்கு நம்மோடு வரும். பகலில் மூட்டை கட்டவும், இரவில் போர்த்தவும், பிள்ளைக்கு ஏணை கட்டவும் அதுவே உதவும்.

இப்படி உழைத்த விரிப்புகள் நாளடைவில் பழுப்பேறி, கறை படிந்து, பார்ப்பதற்கே மனம் சலிக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. நிவாரணமாகக் கிடைத்தவையோ பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். செம்மண் தரையில் ஒரு வாரத்திலேயே அழுக்காகத் தெரியும். துணி இன்னும் பலமாக இருக்கிறது, நிறம் மட்டுமே போய்விட்டது என்றால் அதை எறிய வேண்டியதில்லை. சாயமிட்டு இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

கைக்குட்டைக்குச் சாயமிடுவது இலகு. ஆனால் பெரிய விரிப்பைச் சிறிய வாளிக்குள் அமுக்கிச் சாயமிட்டவர்கள் பெரும்பாலும் திட்டுத்திட்டான துணியையே வெளியே எடுத்திருப்பார்கள். சாயம் கூடாதது என்று கடைக்காரரைக் குறை சொல்வதும் உண்டு. உண்மையில் குறை சாயத்தில் இல்லை. பெரிய துணிக்கு மூன்று விடயங்கள் தேவை: சரியான நிறை, தாராளமான இடம், இடைவிடாத அசைவு. இந்தப் பாடத்தில் இம்மூன்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

1. சாயத்தோடு நமக்குள்ள பழைய தொடர்பு

சாயத் தொழில் நமது பிரதேசத்துக்குப் புதிதல்ல. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் கிண்டப்பட்டது. துணிக்குச் சிவப்பு ஏற்றும் இந்த வேரின் வியாபாரத்தை ஒல்லாந்தக் கம்பனி தன் ஏகபோகமாக வைத்திருந்தது. நைலோன் வலை வருவதற்கு முன்னர் மீனவர்கள் பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றினார்கள். அது நிறத்துக்காக அல்ல. நூல் உக்கிப் போகாமல் இருப்பதற்காக. ஒரு பெரிய வலையை முழுவதும் ஒரே சீராக நனைப்பது எப்படி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று நாம் வீட்டில் பயன்படுத்தக்கூடிய சிறந்த சாயம் வேறு. 1954 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த றற்றி, ஸ்ரீபன் என்ற இரு இரசாயனவியலாளர்கள், பருத்தி நாரோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்ளும் சாயத்தைக் கண்டறிந்தனர். 1956 இல் அது விற்பனைக்கு வந்தது. இதனைத் தாக்கச் சாயம் என்பர். பத்திக் வேலை செய்வோர் இதனை நன்கு அறிவர். இதில் ஒரு வகை குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும். 25 முதல் 40 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் போதும். நமது பகுதியில் வெயிலில் வைத்த கிணற்றுத் தண்ணீரே அந்தச் சூட்டில் இருக்கும். ஆகவே சாயமிடும் வேளையில் விறகு தேவையில்லை. வாங்கும்போது, “குளிர்நீரில் பிடிக்கும் சாயமா, சுடுநீர் வேண்டிய சாயமா?” என்று கட்டாயம் கேளுங்கள். தாக்கச் சாயத்திலேயே 60 பாகை, 80 பாகை சூடு வேண்டிய வகைகளும் உண்டு. அவை குளிர்நீரில் சரியாகப் பிடிக்கமாட்டா.

2. முதலில் துணியை அறியுங்கள்

தாக்கச் சாயம் பருத்தி, லினன், றெயோன் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். பொலியெஸ்தரில் பிடிக்காது. கடையில் வாங்கிய விரிப்புகளில் பல, இரண்டும் கலந்தவை. எது எது என்று அறிய ஓர் இலகுவான சோதனை உண்டு. ஓரத்திலிருந்து நாலைந்து நூல்களை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள்.

பருத்தி கடதாசி எரிவதுபோல் எரியும். கடதாசி மணம் வரும். சாம்பல் மெதுமையாக உதிரும். பொலியெஸ்தர் சுருங்கி உருகும். கறுத்த, கடினமான உருண்டை எஞ்சும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது கலப்புத் துணி. அரைவாசி பருத்தியான துணியில் நிறமும் ஏறக்குறைய அரைவாசிதான் ஏறும். இது தோல்வி அல்ல. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தைத்த நூல் பொலியெஸ்தராக இருந்தால் தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

மெத்தைக்கும் இலவம்பஞ்சுத் தலையணைக்கும் சாயமிட முயல வேண்டாம். அவற்றின் உறையைக் கழற்றி உறைக்கு மட்டும் சாயமிடுங்கள். நுளம்பு வலையைத் தொடவே வேண்டாம். அதன் இழை சாயம் ஏற்காது. மருந்து ஊட்டிய வலையாயின் மருந்தும் கழுவுண்டு போய்விடும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். சாயம் என்பது சுவருக்குப் பூசும் வர்ணம் போன்றதல்ல; கீழே உள்ளதை மறைக்காது. நீலத் துணிக்கு மஞ்சட் சாயமிட்டால் பச்சை வரும். சிவப்பிட்டால் ஊதா வரும். துருக்கறை, தேநீர்க் கறை உள்ள விரிப்புக்குக் கடும் நீலம், கபிலம், கறுப்பு போன்ற கடும் நிறங்களே பொருத்தம்.

3. நிறையும் அளவும்

பெரிய துணிக்குக் “கைப்பிடி அளவு” என்ற கணக்கு உதவாது. நன்றாகக் காய்ந்த துணியை நிறுக்க வேண்டும். சங்கக்கடைத் தராசில் கேட்டு நிறுக்கலாம். அதுவும் இல்லையென்றால் நேரான கம்பொன்றின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையில் துணியையும் மறுமுனையில் தண்ணீர்ப் போத்தல்களையும் கட்டுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. வீட்டுத் தராசு தயார்.

ஒருவர் படுக்கும் பருத்தி விரிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். இருவர் விரிப்பு 800 கிராம் அளவில் வரும். தடித்த போர்வை ஒரு கிலோவைத் தாண்டும்.

ஒரு கிலோ காய்ந்த துணிக்கு:
தண்ணீர் – 20 லீற்றர்
சாயம் – நடுத்தர நிறத்துக்கு 20 கிராம். கடும் நிறத்துக்கு 40 கிராம். கறுப்புக்கு 60 முதல் 80 கிராம்
உப்பு – 1 கிலோ (லீற்றருக்கு 50 கிராம்)
சோடா – 200 கிராம் (லீற்றருக்கு 10 கிராம்)

இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: சாயம் துணியின் நிறைக்கு, உப்பும் சோடாவும் தண்ணீரின் அளவுக்கு.

உதாரணமாக, இருவர் விரிப்பு ஒன்று (800 கிராம்), ஒருவர் விரிப்பு ஒன்று (450 கிராம்), தலையணை உறை இரண்டு (150 கிராம்) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1400 கிராம். ஆகக்குறைந்த தண்ணீர் 28 லீற்றர். சாயம் 28 கிராம். உப்பு 1 கிலோ 400 கிராம். சோடா 280 கிராம். ஆனால் துணி தாராளமாக அசையட்டும் என்று 40 லீற்றர் தண்ணீர் எடுத்தால் சாயம் அதே 28 கிராம்தான். உப்பு 2 கிலோவாகவும் சோடா 400 கிராமாகவும் கூடும். பலர் தண்ணீரைக் கூட்டிவிட்டு உப்பைக் கூட்ட மறந்து, நிறம் வெளிறிவிட்டதே என்று கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சோடா என்பது சோடியம் காபனேற்று. நீரற்ற வெள்ளைத் தூளுக்கே மேற்கண்ட அளவு பொருந்தும். பளிங்குக் கட்டியாக விற்கப்படும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீர்தான். ஆகவே அதில் 2.7 மடங்கு எடுக்க வேண்டும். அதாவது 200 கிராமுக்குப் பதிலாக 540 கிராம். அப்பச்சோடா இதற்கு உதவாது. கோஸ்ரிக் சோடா முற்றிலும் வேறான, கடுமையாகச் சுடும் பொருள். அதைப் பதிலாக வாங்கவே கூடாது.

4. பாத்திரமும் இடமும்

200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலைக் குறுக்கே வெட்டினால் இரண்டு நல்ல தொட்டிகள் கிடைக்கும். ஆனால் பரலில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்து வாங்குங்கள்; கிருமிநாசினி இருந்த பரல் வேண்டாம். அலுமினியக் கிடாரத்தையும் நாகத் தகட்டு வாளியையும் சோடா அரித்துவிடும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரம், கரண்டி, வடி எதையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. குறியிட்டுத் தனியாக வைத்துவிடுங்கள்.

துணி தொட்டிக்குள் திரும்பிப் புரள இடமில்லாவிட்டால் என்ன செய்வது? இருவர் விரிப்புகளில் பல, இரண்டு அகலங்களைச் சேர்த்துத் தைத்தவை. நடுத் தையலைப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் இட்டு, காய்ந்த பின் மீண்டும் தையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சாயமிட்டால் இரண்டும் ஒரே நிறமாக வருவது அரிது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. சோடாவுடன் சேர்ந்ததும் வெண்மையாகக் கலங்கிப் படியும், நிறமும் மங்கும். மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழை நீர் இதற்கு மிகச் சிறந்தது. எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் சாயத் தொட்டிக்கு மட்டுமாவது மழை நீரை வையுங்கள். கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, துணியால் வடித்துப் பயன்படுத்துங்கள்.

5. செய்முறை

முதலாவது, கழுவுதல். சாயமிடும் நாளுக்கு முதல்நாள் விரிப்பைச் சுடுநீரில் சவர்க்காரமும் சிறிது சோடாவும் இட்டு நன்றாகக் கழுவுங்கள். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும். பழைய துணியில் தேங்காயெண்ணெயும் வியர்வையும் இருக்கும். இவை உள்ள இடத்தில் சாயம் ஏறாது. கழுவிக் காய்ந்த துணியில் ஒரு துளி நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார். துளி உருண்டு நின்றால் மறுபடி கழுவ வேண்டும்.

இரண்டாவது, நனைத்தல். காய்ந்த துணியைச் சாயத்தில் போடக் கூடாது. முழுவதும் நனையும்வரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிழியுங்கள்.

மூன்றாவது, சாயம் கரைத்தல். வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, கையுறை அணிந்து, காற்று வீசாத இடத்தில் தூளைத் திறவுங்கள். தாக்கச் சாயத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சிறிது தண்ணீரில் களிபோலக் குழைத்து, பின் இளஞ்சூட்டு நீர் சேர்த்துக் கரைத்து, மெல்லிய துணியால் வடித்துத் தொட்டித் தண்ணீரில் கலக்குங்கள். கரையாத ஒரு துணிக்கை விரிப்பில் ஒரு புள்ளியாக நிற்கும்.

நான்காவது, துணியை இறக்குதல். விரிப்பைச் சுருட்டிப் போடாமல் அகலமாக விரித்தபடி இறக்குங்கள். இருவர் எதிரெதிராக இருந்து, ஓரத்தைப் பிடித்து, வலை இழுப்பதுபோல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் புகுந்து துணி குமிழாக மேலே வந்தால் அமுக்கிவிடுங்கள். அந்த இடம் வெளிறிவிடும். பத்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள்.

ஐந்தாவது, உப்பு. கரைத்த உப்பு நீரை மூன்று பங்காக்குங்கள். துணியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் ஒரு பங்கை ஊற்றிக் கலக்கி, பின் துணியை விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிட இடைவெளியில் மூன்று பங்கும் சேரட்டும். உப்பு சாயத்தை நாருக்குள் தள்ளுகிறது. ஒரேயடியாகப் போட்டால் முதலில் பட்ட இடமே எல்லாச் சாயத்தையும் குடித்துவிடும். கடைசிப் பங்கின் பின் மேலும் 15 நிமிடம் துணியை அசைத்துக்கொண்டிருங்கள்.

ஆறாவது, சோடா. சாயத்தை நாரோடு பிணைப்பது இதுதான். தொட்டிக்கென அளந்த தண்ணீரிலிருந்து இரண்டு லீற்றரை ஒதுக்கிவைத்து, அதில் சோடாவைக் கரையுங்கள். தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உப்பைப் போலவே துணியை ஒதுக்கி, மூன்று தடவையாகக் கால் மணி நேரத்தில் சேருங்கள். துணியின் மேல் நேரே ஊற்றினால் அழியாத திட்டு விழும். பின் அரை மணி நேரம் இடைவிடாமலும், அடுத்த அரை மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும் துணியைப் புரட்டுங்கள். சோடா சேர்த்த சாயம் சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும். மிஞ்சியதை நாளைக்கென்று வைப்பதில் பயனில்லை.

ஏழாவது, அலசல். குளிர்நீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள். பின் கொதிக்கும் அளவு சூடான சவர்க்கார நீரில் கால் மணி நேரம் வைத்து மீண்டும் அலசுங்கள். விறகு அரிதான வீட்டில் சுடுநீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அதையே இரண்டு மூன்று தடவை செய்யலாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டாத சாயம் பிள்ளைகளின் உடுப்பில் ஏறும். பின் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒருபடி வெளிறும், பதற வேண்டாம்.

6. முதலில் ஒரு சிறு சோதனை

முழு விரிப்பையும் நனைப்பதற்கு முன், அதே துணியின் ஓரத்தில் 10 கிராம் துண்டு வெட்டிச் சோதியுங்கள். 10 கிராம் சாயத்தை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால் அதில் 20 மில்லிலீற்றர், துண்டுக்கு வேண்டிய சாயத்தைக் கொண்டிருக்கும். அதனை 200 மில்லிலீற்றர் ஆக்கி, உப்பு 10 கிராமும் சோடா 2 கிராமும் மேற்கூறிய ஒழுங்கில் சேருங்கள். எஞ்சிய கரைசலை வீணாக்காமல், சோடா கலக்காமல் வைத்திருந்து, ஓரிரு நாளுக்குள் பெரிய தொட்டியில் சேர்த்துவிடலாம். அதிலுள்ள சாயத்தையும் தண்ணீரையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனித்தும் திட்டு விழுந்தால்? பிணைந்த சாயத்தை வீட்டில் நீக்க முடியாது. இன்னும் கடுமையான நிறத்தை மேலேற்றலாம். அல்லது நூலால் ஆங்காங்கே இறுகக் கட்டி இரண்டாவது நிறத்தில் தோய்த்து, திட்டையே கோலமாக்கலாம்.

மஞ்சள், வெங்காயத் தோல் போன்றவற்றால் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். மஞ்சள் வெயிலில் விரைவில் வெளிறும். சவர்க்காரம் பட்டால் சிவக்கும். அடிக்கடி கழுவும் விரிப்புக்கு அது பொருந்தாது. வெங்காயத் தோல் நல்ல மஞ்சட்கபிலம் தரும். ஆனால் ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த தோல் வேண்டும். அது சாக்குக் கணக்கில் வரும். கடுக்காயும் படிகாரமும் முன்னரே ஊட்ட வேண்டும், விறகும் வேண்டும். சிறு துணிகளில் பழகுவதற்கு அது நல்லது.

7. தண்ணீரும் நிலமும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள்.

கழுவலுக்கு 20, சாயத்துக்கு 20, ஆறு அலசலுக்கு 120 என்று ஒரு கிலோ துணிக்கு 160 லீற்றர் தண்ணீர் செலவாகும். பவுசரில் வரும் குடிநீரை எதிர்பார்த்து வாழும் இடத்தில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. அந்தத் தண்ணீரைச் சுமப்பது பெண்களின் வேலை மட்டுமே என்று ஆண்கள் ஒதுங்கி நிற்கவும் கூடாது.

அடுத்தது, கழிவு நீர். கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நமது சாயத் தொட்டியில் 50 கிராம். கடலிலும் உவர்ப்பான நீரைக் கத்தரிப் பாத்திக்கோ வாழைக்கோ ஊற்றினால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயல் வாய்க்காலிலும் குளத்திலும் ஊற்ற வேண்டாம். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடிக்கு அப்பால், கிணற்றை விடப் பள்ளமான, பயிரில்லாத உவர்த் தரையில் ஊற்றுங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். அங்கே இன்னும் தூரமாகப் போங்கள். கிணறு அயலவருக்கும் உரியது. தற்காலிகக் காணியில் இருந்தாலும், நாம் விட்டுப் போகும் நிலத்தில் நமக்குப் பின் ஒருவர் பயிரிடுவார்.

சோடாவையும் சாயத்தையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதி, மூடி வையுங்கள். சோடாக் கரைசலைக் குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றிவைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரால் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

8. சேர்ந்து செய்தால்

நாலு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பரல், ஒரு தராசு, ஒரு பொதிச் சாயம் எல்லோருக்கும் போதும். முதலில் இளநிறங்களையும் பின்னர் கடும் நிறங்களையும் செய்தால் தொட்டி கழுவும் தண்ணீர் மிச்சம். ஒருவர் ஒரு கொப்பியில் துணியின் நிறை, தண்ணீர், சாயம், உப்பு, சோடா, நேரம் ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் ஒரு சிறு துண்டுத் துணியையும் குத்திவைக்கட்டும். அதே நிறத்தை மறுமுறையும் எடுக்க முடிந்த நாளில்தான் உங்கள் குழு தொழில் பழகிவிட்டது என்று கொள்ளலாம். பிறருக்குக் கூலிக்குச் சாயமிட்டுக் கொடுப்பதைப் பற்றி அதன் பின்னர் யோசியுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம்.

யாரோ கொடுத்த வெள்ளை விரிப்பு, வரிசையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அதில் எந்த நிறம் ஏற வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். பிள்ளைகளையும் கேளுங்கள். பலவற்றைப் பிறர் தீர்மானிக்கும் வாழ்வில் இது சிறிய விடயம்தான். ஆயினும் நம் கையில் உள்ளது.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது வீடுகளில் துணி பலமாக இருந்தும் நிறம் போனதால் ஒதுக்கிய விரிப்புகள் எத்தனை? அவற்றில் பருத்தி எவை?
2. நமது கிணற்று நீர் கடினமானதா? மழை நீரைச் சேர்க்க என்ன வசதி உண்டு?
3. கழிவு நீரை எங்கே ஊற்றுவது? அந்த இடத்தைப் பற்றி அயலவர்களுடன் பேசிவிட்டோமா?
4. தண்ணீர் சுமத்தல், நிறுத்தல், புரட்டல், அலசல், கணக்கெழுதல் ஆகிய வேலைகளை ஆண்களும் பெண்களும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது?